திரைக்காட்சி மாற்றங்களை ஒருங்கே நிறைவேற்றுதலும், அவற்றின் விதிகளை எழுதி வைத்தலும்

கணிப்பொறித் திரையில் ஒரு காட்சி மறைந்து மற்றொன்று தோன்றுவது காண்போருக்கு ஒரே செயலாகப் படுகிறது. உண்மையில் அது பல செயல்களின் தொகுப்பாகும். பள்ளியொன்றில் ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைக்கிறார் என்று கொள்வோம். யந்திரம் முதலில் புதிய சாதனத்தின் அளவையும் வேகத்தையும் கேட்டறிய வேண்டும். அதற்குரிய கடிகாரத் துடிப்பை அமைக்க வேண்டும். படத்தைத் தாங்கும் நினைவகப் பகுதியை ஒதுக்க வேண்டும். சுட்டியின் உருவத்தை இடம் மாற்ற வேண்டும். முன்பே எரிந்துகொண்டிருக்கும் சிறு திரையின் வேகத்தைத் தேவையானால் குறைக்கவும் வேண்டும். இவற்றுள் மூன்று நிறைவேறி நான்காவது தவறினால் விளைவு என்ன? புரொஜெக்டரிலும் படம் இல்லை, மடிக்கணினியிலும் படம் இல்லை. நாற்பது நிமிட வகுப்பில் பத்து நிமிடம் யந்திரத்தை மீண்டும் துவக்குவதிலேயே கழிகிறது. குறை மடிக்கணினியில் இருப்பதாகக் கருதி அதைப் பழுது பார்க்க அனுப்புவதும் உண்டு. பல வேளைகளில் பழுது அங்கில்லை. இயக்க முறைமையின் உள்ளே, காட்சிச் சாதனத்தை ஆளும் இயக்கி என்னும் நிரலில் இருக்கிறது.

இத்தகைய இயக்கிகளை எழுதும் பணி பெங்களூருவில் கணிசமாக நடைபெறுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் அந்நகரில் தன் மையத்தைத் தொடங்கியது. இன்டெல், குவால்காம், சாம்சங் ஆகிய நிறுவனங்களின் பொறியியல் மையங்களும் அங்கு உள்ளன. லினக்ஸ் இயக்க முறைமையில் ஈடுபாடு கொண்டோர் 2001-ஆம் ஆண்டு முதல் 'லினக்ஸ் பெங்களூர்' என்ற பெயரிலும், 2005-ஆம் ஆண்டு முதல் 'ஃபாஸ் டாட் இன்' என்ற பெயரிலும் அந்நகரில் மாநாடு கூட்டினர். பின்வரும் செய்திகள் லினக்ஸைப் பற்றியவை. அதன் மூல நிரல் எவரும் படிக்கத் தக்கதாக இருப்பதே காரணம். மூடிய முறைமைகளில் விதிகள் என்னவென்று வெளியிலிருந்து அறிய இயலாது.

திரை படிக்கும் விதம்

திரையில் காணும் படம் 'பிரேம் பஃபர்' எனப்படும் நினைவகப் பகுதியில் எண்களாக இருக்கிறது. காட்சிச் சாதனம் அப்பகுதியை மேலிருந்து கீழாக, வரி வரியாக, விநாடிக்கு 60 முறை படித்து வெளியே அனுப்புகிறது. ஒரு முறைக்கு ஆகும் காலம் விநாடியின் ஆயிரத்தில் 16.7 பங்கு. சாதாரணமாகப் பயன்படும் 1920-க்கு 1080 புள்ளித் திரையில் கண்ணுக்குத் தெரிபவை 1080 வரிகள். ஆனால் சாதனம் எண்ணுவது 1125 வரிகள். எஞ்சிய 45 வரிகளின்போது திரையில் எதுவும் எழுதப்படுவதில்லை. நாடக மேடையில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே திரை விழுவதைப் போன்றது இந்த இடைவேளை. இதன் நீளம் ஆயிரத்தில் ஏறத்தாழ 0.67 பங்கு விநாடி. பொருள்களை இடம் மாற்றுவதானால் இதற்குள் மாற்றிவிட வேண்டும். தவறினால் படத்தின் மேற்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும், காகிதத்தைக் கிழித்து ஒட்டியதுபோல் தோன்றும்.

மாற்ற வேண்டியது ஒரு படம் மட்டுமாயின் தொல்லை சிறிது. ஆனால் இக்காலச் சாதனங்கள் பல படத் தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே காட்சியாக்குகின்றன. அடியில் ஒரு தளம், அதன்மேல் திரைப்படம் ஓடும் தளம், அதற்கும் மேல் சுட்டியின் தளம். ஆசிரியர் படச் சாளரத்தைப் பிடித்து நகர்த்தும்போது சாளரத்தின் சட்டமும் உள்ளே ஓடும் படமும் ஒரே கணத்தில் நகர வேண்டும். முன்னாள் முறையில் இவற்றுக்குத் தனித்தனி ஆணைகள் இருந்தன: திரையின் அளவை அமைக்க ஓர் ஆணை, தளத்தை வைக்க ஓர் ஆணை, சுட்டிக்கு ஓர் ஆணை, படத்தைப் புரட்டுவதற்கு ஓர் ஆணை. இரண்டு ஆணைகளுக்கு நடுவே அந்த 0.67 இடைவேளை கடந்துபோகலாம். அப்போது சட்டம் ஓரிடத்திலும் படம் வேறிடத்திலுமாக ஒரு கணம் காட்சி தரும்.

இக்குறையினும் பெரிது மற்றொன்று. ஒவ்வோர் ஆணையும் தன்னளவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் எல்லாம் சேரும்போது யந்திரத்தால் தாங்க முடியாமற் போகலாம். ஒரு புள்ளிக்கு 4 பைட்டு வீதம், 1920-க்கு 1080 திரை விநாடிக்கு நினைவகத்திலிருந்து எடுப்பது ஏறத்தாழ 50 கோடி பைட்டு. 3840-க்கு 2160 திரை எடுப்பது 199 கோடி. அத்தகைய திரைகள் மூன்று இணைந்தால் 600 கோடியை நெருங்குகிறது. நினைவகம் அவ்வளவு தர இயலாத யந்திரத்தில் முதல் திரையும் இரண்டாவது திரையும் எரிந்த பின்னரே மூன்றாவது இயலாதென்று தெரியவரும். எந்த வரிசையில் கேட்டால் இயலும், எந்த வரிசையில் இயலாது என்பதைப் பயனீட்டு நிரல் ஒவ்வொன்றாய் முயன்று பார்த்துத்தான் அறிய முடிந்தது. முயலும்போதெல்லாம் திரை அணைந்து எரிந்தது.

பரிவர்த்தனை முறை

சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவர் தம் நிலங்களை மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் இங்கு நல்ல உவமையாகும். அப்பத்திரத்தில் இரு நிலங்களும் ஒரே ஆவணத்தில் கைமாறுகின்றன. ஒருவர் நிலம் மாறி மற்றவர் நிலம் மாறாத நிலைக்கு அங்கு இடமில்லை. எழுதுமுன் வில்லங்கம் பார்க்கிறார்கள்; வில்லங்கம் இருந்தால் பத்திரமே பதிவாவதில்லை, இருவரும் முன்பிருந்த நிலையிலேயே இருக்கிறார்கள்.

காட்சி இயக்கிகளிலும் இத்தகைய முறை வேண்டுமென்ற கருத்து 2012-ஆம் ஆண்டில் செயல் வடிவம் பெறத் தொடங்கியது. இன்டெல்லைச் சேர்ந்த வில்லே சிர்யாலாவும், அந்நாளில் ஆர்ம் வகைச் சில்லுகளுக்கான இயக்கிகளை எழுதிவந்த ராப் கிளார்க்கும் தனித்தனியே முன்வரைவுகளை வெளியிட்டனர். ஆங்கிலத்தில் இதற்கு 'அட்டாமிக்' என்று பெயர். பகுக்க முடியாதது என்னும் பழைய கிரேக்கப் பொருளில் வந்த சொல். ராப் கிளார்க் தம் பகுதிக்கு 'நியூக்ளியர்' என்றே விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். அணுசக்திக்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லையாதலால், தமிழில் இதனைப் பகுப்பில்லா மாற்றம் என்பதே குழப்பந் தராதது. 2013-இல் கூகிள் நிறுவனம் ஆண்ட்ராய்டுக்காக இதே நோக்கில் வேறோர் அமைப்பை முன்வைத்தது. லினக்ஸ் கருவகம் அதனை ஏற்கவில்லை, ஆனால் அது விவாதத்தை விரைவுபடுத்தியது. 2014-இல் டேனியல் வெட்டர் பொது அமைப்பை எழுதி முடித்தார். 2015 ஆகஸ்டில் வெளியான 4.2 பதிப்பில் புதிய ஆணை எல்லாப் பயனீட்டு நிரல்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

இம்முறையில் பயனீட்டு நிரல் தனக்கு வேண்டிய மாற்றங்கள் அனைத்தையும் ஒரே மனுவாகத் தருகிறது. கருவகம் இப்போதுள்ள நிலையின் நகலொன்றை எடுத்து, மாற்றங்களை அந்நகலில் எழுதுகிறது. பின்னர் இயக்கியிடம் இரண்டு வேலைகள் வருகின்றன. முதலாவது சோதனை: இந்நகலில் உள்ள நிலை இந்தச் சாதனத்தால் இயலுமா? இரண்டாவது நிறைவேற்றம். சோதனையில் 'இயலாது' என விடை வந்தால் நகல் எறியப்படும். திரையில் சிறு துடிப்பும் நேராது. சோதித்துப் பார் என்று மட்டும் கேட்பதற்கும் தனியே ஒரு கொடி உண்டு. அதனை உபயோகித்து நிரல் ஒன்று பத்து விதமான அடுக்குகளைக் கேட்டுப் பார்த்து, இயலுவனவற்றுள் மின்சாரச் செலவு குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். கைப்பேசியின் மின்கலம் கூடுதலாய் நீடிப்பதில் இதற்கும் பங்குண்டு.

எழுதப்படாத விதியின் விலை

மேற்கூறியது முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஒவ்வோர் இயக்கியும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்பதே அது. லினக்ஸில் காட்சி இயக்கிகள் பல பத்து உள்ளன. அவற்றை எழுதுவோர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பெங்களூருவில் எழுதப்படும் இயக்கியும் பின்லாந்தில் எழுதப்படும் இயக்கியும் ஒரே பயனீட்டு நிரலுக்கு ஒரே விடை தர வேண்டுமாயின், விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் விதி எளியது. சோதனையின்போது இயக்கி சாதனத்தின் பதிவகங்களைத் தொடக் கூடாது. தன் சொந்தக் குறிப்புகளையும் மாற்றக் கூடாது. தனக்குத் தரப்பட்ட நகலை மட்டுமே மாற்றலாம். சோதனைக்குப் பின் நிறைவேற்றம் கட்டாயம் வரும் என்று எழுதுபவர் எண்ணிவிடுவது இயல்பு. அவ்வாறு எண்ணி ஓர் எண்ணைத் தம் குறிப்பில் எழுதி வைத்தால், சோதனை மட்டும் நடந்து நிறைவேற்றம் வராத வேளையில் அக்குறிப்பு பொய்யாகிவிடும். அடுத்த மாற்றம் அப்பொய்யை நம்பிச் செய்யப்படும். பிழை ஓரிடத்தில், அதன் விளைவு வேறோர் இடத்தில், சில நிமிடங்கள் கழித்து. இத்தகைய பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இரண்டாவது விதி இன்னும் நுட்பமானது; வகுப்பறைக்கும் நெருக்கமானது. ஒவ்வொரு திரைப் பாதைக்கும் நகலில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று அப்பாதை ஏற்கப்பட்டதா என்பது. மற்றொன்று அது இப்போது எரிகிறதா என்பது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் திரை அணையும்போது இரண்டாவது குறி மட்டும் மாறுகிறது. நினைவகத் திறனையும் கடிகாரங்களையும் ஒதுக்கும்போது இயக்கி முதற் குறியையே பார்க்க வேண்டும், இரண்டாவதைப் பார்த்தலாகாது என்று கருவக ஆவணம் கண்டிப்பாகக் கூறுகிறது. காரணம் வெளிப்படை. அணைந்திருக்கும் திரையின் பங்கை வேறொரு திரைக்குக் கொடுத்துவிட்டால், ஆசிரியர் திரும்பி வந்து விசையைத் தொடும்போது பழைய திரைக்குத் தருவதற்கு ஒன்றும் இராது. உறங்கிய திரையை எழுப்புதல் ஒருபோதும் தோற்கக் கூடாது. இவ்விதி நிரலின் வரிகளைப் படிப்பதால் மட்டும் புலப்படாது. இரண்டு குறிகளில் எதைப் பார்த்தாலும் பெரும்பாலான நாள்களில் யந்திரம் சரியாகவே ஓடும். நெருக்கடியான நாளில்தான் வேறுபாடு தெரியும். ஆதலால் இது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டிய விதி.

பிழை எண்களுக்கும் இதே நிலை. பிழை எண் 22 என்றால் கேட்ட அமைப்பு இயலாது என்று பொருள். நிரல் வேறொன்றைக் கேட்கலாம். எண் 12 என்றால் நினைவகம் போதவில்லை. எண் 16 என்றால் முந்தைய மாற்றம் இன்னும் முடியவில்லை. அது முடிந்ததென்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான யந்திரங்களில் எண் 35 ஆக இருப்பது முட்டுக்கட்டைக்கு உரியது. திரைப் பகுதி ஒவ்வொன்றுக்கும் பூட்டு உண்டு. இருவர் வெவ்வேறு வரிசையில் பூட்டினால் ஒருவர் மற்றவருக்காக முடிவின்றிக் காத்திருப்பர். அதைத் தவிர்க்கக் கருவகம் ஒருவரை நோக்கி, 'எல்லாப் பூட்டுகளையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குக' என்கிறது. இந்த எண்ணை இயக்கி மாற்றாமல் அப்படியே மேலே அனுப்ப வேண்டும். எழுதுபவர் அறியாமையால் இதனை 22 என்று மாற்றி அனுப்பினால், மீண்டும் முயன்றிருந்தால் நிறைவேறியிருக்கும் மாற்றம் இயலாததென்று தள்ளப்படும்.

நகல் நடைமுறைக்கு வந்துவிட்ட கணத்துக்குப் பின் மாற்றம் தோல்வியடைய இடமில்லை என்பது மற்றொரு விதி. ஆனால் கம்பி பழுதாயிருந்தால்? சோதனை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் கம்பியின் பழுதை முன்கூட்டி அறிய முடியாது. இவ்விடத்தில் ஆவணம் ஒரு வழி வகுத்திருக்கிறது. மாற்றம் நிறைவேறியதாகவே கணக்கில் கொள்ளப்படும். இணைப்புக்குரிய ஒரு பண்பில் 'பழுது' என்று இயக்கி குறித்துவிட்டுப் பயனீட்டு நிரலுக்குச் செய்தி அனுப்பும். நிரல் குறைந்த வேகத்தில் மறுபடியும் கேட்கலாம். பல திரைகள் ஒரே மனுவில் மாறும்போது எல்லாம் ஏற்கப்படும் அல்லது எதுவும் ஏற்கப்படாது என்பது உறுதி. எனினும் எல்லாத் திரைகளும் ஒரே கணத்தில் மாறும் என்ற உறுதி இல்லை. ஒவ்வொன்றும் தன் இடைவேளை வரும்போது மாறும். பகுப்பில்லாமை என்ற சொல்லை இங்கு அளவுக்கு மேல் நம்புதல் ஆகாது.

குறிப்பு ஒன்று விடுபட்டதால் எவ்வளவு பெரிய மாறுபாடு நேரக்கூடும் என்பதற்கு வண்ணத் திருத்தப் பண்புகள் சான்று. திரையின் நிறங்களைத் திருத்துவதற்கான பொதுப் பண்புகள் 2016-இல் 4.6 பதிப்பில் சேர்ந்தன. அவற்றின் தொடக்க வடிவங்களை அனுப்பியோரில் இன்டெல்லின் பெங்களூரு மையப் பொறியாளர்களும் இருந்தனர். இதில் 9 எண்கள் கொண்ட ஓர் அணி உண்டு. ஒவ்வொன்றும் 64 பிட்டு. ஒரு பிட்டு குறிக்கு, 31 முழு எண்ணுக்கு, 32 பின்னத்துக்கு என்பது அதன் அமைப்பு. எதிர்ம எண்ணை எழுதுவதற்குக் கணிப்பொறியில் இரு வழக்குகள் உள்ளன. குறியைத் தனியே வைத்து அளவைத் தனியே எழுதுவது ஒன்று. இரண்டின் நிரப்பி என்பது மற்றொன்று. நிரலாளர்க்குப் பழக்கமானது இரண்டாவது. இந்த அணியில் பயன்படுவதோ முதலாவது. கழித்தல் ஒன்று என்னும் மதிப்பை இரண்டாவது வழக்கில் எழுதி முதலாவது வழக்கில் படித்தால் கிடைப்பது கழித்தல் 214,74,83,647 ஆகும். சிவப்பைச் சிறிது குறைக்க எண்ணியவர் சிவப்பையே காணமாட்டார். தொடக்கத்தில் விளக்கக் குறிப்பில் எந்த வழக்கு என்பது சொல்லப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்தே 'குறியும் அளவும். இரண்டின் நிரப்பி அன்று' என்று, வியப்புக்குறியோடு, ஒரு வரி சேர்க்கப்பட்டது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, குறிப்பே திருந்தியது.

குறிப்புகள் எழுதப்படும் இடம்

லினக்ஸில் இவ்விளக்கங்கள் தனி நூலாக எழுதப்படுவதில்லை. நிரலின் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் மேலே, அதே கோப்பில், குறிப்பிட்ட வடிவில் எழுதப்படுகின்றன: முதல் வரியில் பெயரும் ஒருவரி விளக்கமும், அடுத்து ஒவ்வோர் உள்ளீட்டின் பொருள், பின்னர் எப்போது அழைக்கலாம், எந்தப் பூட்டு கையிலிருக்க வேண்டும், முடிவில் திருப்பித் தரும் மதிப்புகள். கருவி ஒன்று இவற்றைத் திரட்டி நூலாக்குகிறது. நிரலைத் திருத்துபவர் கண்ணெதிரே குறிப்பும் இருப்பதால் அதையும் திருத்த மறக்கமாட்டார் என்பது இம்முறையின் அடிப்படை. மறப்பவரும் உண்டு, ஆயினும் வேறு நூலில் இருந்தால் எல்லோரும் மறப்பர்.

முன்பு நூலாக்கத்திற்கு 'டாக்புக்' என்னும் முறை இருந்தது. அதில் குறியீடுகள் மிகுதி, கட்டுவதற்கு நேரமும் மிகுதி. ஒரு பட்டியலைச் சேர்ப்பதற்கே பொறுமை வேண்டும். 2016 அக்டோபரில் வெளியான 4.8 பதிப்பில் 'ஸ்பிங்க்ஸ்' முறைக்கு மாற்றம் தொடங்கியது. ஜோனாதன் கார்பெட்டும் இன்டெல்லின் யானி நிகுலாவும் இதில் முன்னின்றனர். முதலில் மாறியவற்றுள் காட்சி இயக்கிகளின் நூல் ஒன்று. சாதாரண உரையைப் போலவே எழுதலாம் என்றான பிறகு குறிப்புகளின் எண்ணிக்கையும் தரமும் உயர்ந்தன. புதிய பண்பொன்றைச் சேர்க்க விரும்புவோர் அதனை உபயோகிக்கும் திறந்த நிரலொன்றையும், இயலுமிடத்துச் சோதனையையும், விளக்கக் குறிப்பையும் உடன் தர வேண்டும் என்பது இத்துறையில் இன்று நடைமுறை. கடுமையான நிபந்தனைதான். ஆனால் ஒரு முறை வெளியிட்ட பண்பைக் கருவகம் திரும்பப் பெறுவதில்லை என்பதை நினைத்தால் இக்கடுமை தேவையே.

கல்லூரியில் இதனைக் கற்பிக்க

பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆகியவற்றில் இதனைப் பாடமாக்க விரும்பும் ஆசிரியர்க்குத் தனிச் சாதனம் வேண்டியதில்லை. 2018-இல் 4.19 பதிப்பில் 'வி.கே.எம்.எஸ்.' என்னும் பாவனை இயக்கி சேர்ந்தது. இதற்கு உண்மையான திரை கிடையாது. இடைவேளையைக் கருவகத்தின் கடிகாரமே உண்டாக்குகிறது. வெளிவரும் படத்தின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தருகிறது. மாணவர் எதிர்பார்த்த படமும் வந்த படமும் ஒன்றுதானா என்பதை அவ்வெண்களை ஒப்பிட்டு அறியலாம். 'மோட்டெஸ்ட்' என்னும் சிறு நிரல் கொண்டு பகுப்பில்லா ஆணைகளை அனுப்பிப் பார்க்கலாம்.

முதற் பயிற்சியாக ஒரு தளத்திற்குத் தவறான அளவைக் கொடுத்துச் சோதனைக் கொடியுடன் அனுப்பி, பிழை எண் திரும்பி வருவதையும் முந்தைய படம் மாறாதிருப்பதையும் காட்டலாம். இரண்டாவதாக, முந்தைய மாற்றம் முடிவதற்குள் அடுத்ததை அனுப்பி எண் 16 வருவதைக் காட்டலாம். பிறகு மாணவர் ஒருவர் செயற்கூறு ஒன்றைத் தேர்ந்து, அதன் மேலுள்ள குறிப்பைப் படியாமல் நிரலை மட்டும் படித்துத் தாமே குறிப்பு எழுதட்டும். பின்னர் இரண்டையும் ஒப்பிடுக. பூட்டு, திருப்பித் தரும் மதிப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் விடுபாடு இருக்கும். நிரலிலிருந்து எதை அறிய இயலாது என்பது அப்போது மாணவர்க்கே விளங்கும். உண்மையான குறிப்பிலேயே விடுபாடு தென்படின் திருத்தம் எழுதி அனுப்பலாம். சிறு திருத்தங்களும் ஏற்கப்படுகின்றன. புதியவர்கள் செய்யத்தக்க வேலைகளின் பட்டியலும் காட்சி இயக்கிகளின் நூலிலேயே ஒரு பகுதியாக இருக்கிறது.

பாவனை இயக்கிக்கு நினைவகத் திறனின் வரம்பு இல்லை. ஆகவே மூன்று பெரிய திரைகள் சேரும்போது மனு தள்ளப்படும் நிலையை அதில் காண முடியாது. அதற்கு இரண்டு அல்லது மூன்று திரைகளை இணைக்கத்தக்க உண்மையான கணிப்பொறி ஒன்று ஆய்வுக்கூடத்தில் வேண்டும். பழைய யந்திரமாயிருந்தால் மேலும் நன்று, வரம்பு விரைவில் எட்டிவிடும்.